காற்றுத் திரும்பும் நேரம்

நேற்று மாலைச் செய்திக்குப் பிறகு வானொலியில் வாசிக்கப்பட்ட வானிலைக் குறிப்பு நான்கே வாக்கியங்கள் கொண்டது. வடக்கிலிருந்து பலத்த காற்று வீசும். பிற்பகலில் அது மேலும் வலுக்கும். மேற்கிலிருந்து ஒரு குளிர்முகப்பு நெருங்கி வருகிறது. மாலையில் காற்று தென்மேற்காகத் திரும்பி வெப்பம் சடுதியாகக் குறையும். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வாழ்பவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. கோடை முழுவதும் இதே வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். கேட்பவர்கள் முதல் மூன்றையும் சகித்துக்கொண்டு நான்காவதில் இளைப்பாறுவார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நான்காவது வாக்கியம் வரும்போதுதான் எழுந்துபோய் ஒலியைக் கூட்டுகிறேன். அதற்கான காரணத்தை ஒருமுறையாவது எழுதிவைக்க வேண்டும் என்று நீண்ட நாட்களாக நினைத்திருந்தேன்.

யாழ்ப்பாணத்துக் கரையோர ஊரொன்றில் பிறந்தவனுக்குக் காற்றுகள் பெயரோடுதான் அறிமுகமாகின்றன. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு திசையும் ஒரு பருவமும் ஒரு குணமும் உண்டு. வாடை வடக்கிலிருந்து குளிரைக் கொண்டுவரும். தெற்கிலிருந்து வருவது இதமானது என்பது இலக்கியம் வேறு சொல்லித்தந்த பாடம். இந்தத் திசையறிவோடு மெல்பேர்ணுக்கு வந்துசேர்ந்தவனை இங்குள்ள முதல் கோடையே குழப்பிவிட்டது. இங்கே வடக்குக் காற்று கண்டத்தின் நடுவிலுள்ள வறண்ட நிலங்களைக் கடந்து வருகிறது. சூளையின் வாயைத் திறந்ததுபோல முகத்தில் அறைகிறது. தெற்குக் காற்று பனிக்கண்டம் வரை விரிந்த கடலிலிருந்து வருகிறது; தை மாதத்திலும் கம்பளிச் சட்டையைத் தேடவைக்கிறது. ஒரே நாளில் முன்னது போய்ப் பின்னது வருவதைத்தான் இந்த நகரத்தார் 'சேஞ்ச்' என்கிறார்கள். 'சேஞ்ச் எத்தனை மணிக்கு?' என்பது கோடைகால மெல்பேர்ணில் நலம் விசாரிப்பதற்கு நிகரான கேள்வி.

அதன் பொறிமுறை எளிமையானதுதான். கிழக்கே டாஸ்மன் கடலின் மேல் ஓர் உயரழுத்தம் தங்கிவிடும். மேற்கிலிருந்து குளிர்ந்த காற்றுத்திரள் ஒன்று நகர்ந்து வரும். இரண்டுக்கும் நடுவே உள்நாட்டின் வெப்பக் காற்று தெற்கு நோக்கி இழுக்கப்படும். குளிர்காற்று கனமானது; அது ஆப்புப்போல வெப்பக் காற்றின் அடியில் நுழைந்து அதை மேலே தள்ளும். இரண்டும் சந்திக்கும் கோடுதான் குளிர்முகப்பு. முதலாம் உலகப்போர் முடிந்த காலத்தில், நோர்வேயின் பேர்கன் நகரில் பியர்க்னஸும் அவருடைய குழுவினரும் போர்முனையை மனத்தில் வைத்தே இதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். இரு படைகள் மோதும் கோட்டுக்கும் இரு காற்றுகள் மோதும் கோட்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் அமைந்தது அப்படித்தான்.

2009ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் திகதி, சனிக்கிழமை. அதற்கு முந்திய வாரம்தான் மூன்று நாட்கள் தொடர்ந்து 43 பாகைக்கு மேல் வெப்பம் ஏறி, ரயில் தண்டவாளங்கள் நெளிந்து, முதியவர்கள் பலர் இறந்திருந்தார்கள். காடுகள் சருகாகிக் கிடந்தன. நாளை மாநிலத்தின் வரலாற்றிலேயே மிக மோசமான நாளாக இருக்கலாம் என்று மாநில முதல்வர் ஜோன் பிரம்பி வெள்ளிக்கிழமையே எச்சரித்திருந்தார். நான் அதை அரைகுறையாகத்தான் கேட்டேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டு வானொலியும் கணினியும் வன்னிச் செய்திகளுக்கே திறந்திருந்தன. முகப்பு என்ற சொல்லை நாங்கள் அப்போது அதன் பழைய பொருளில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா காலையிலிருந்து திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, நனைத்த துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் இருந்தார். "வடக்குக் காத்து எண்டால் வாடையெல்லோ தம்பி? வாடை இப்பிடிச் சுடுமே?" என்று மத்தியானம்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அன்று நகரத்தில் 46.4 பாகை. மெல்பேர்ணில் பதிவான உச்ச வெப்பம் அது.

நாங்கள் இருப்பது மேற்குப் புறநகரில். ஆகவே மேற்கிலிருந்து வருவது எங்களைத் தொட்டுவிட்டுத்தான் நகரத்துக்கும் அப்பாலுள்ள மலைகளுக்கும் போகும். மாலையில், ஒரு கதவு அடித்துச் சாத்தியதுபோலக் காற்றுத் திரும்பியது. தூசி பறந்தது, வேலிப் பலகைகள் அதிர்ந்தன, சில நிமிடங்களில் உடம்பு குளிர்ந்தது. தெருவில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். வீட்டின் எல்லா யன்னல்களையும் திறந்தேன். அம்மா வாசலுக்கு வந்து கண்ணைச் சுருக்கி மரங்களைப் பார்த்தார். "திரும்பிட்டுது. இது சோளகம்" என்றார். பிறகு, வழக்கமான ஒரு பேச்சைப்போல, "காத்துத் திரும்பேக்க கடலில நிக்கக்கூடாது எண்டு ஐயா சொல்லுறவர்" என்றார். "இஞ்ச கடலுக்கு ஆர் போறது அம்மா?" என்று சிரித்தேன்.

பிறகு என் அலுவலக நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவரும் மனைவியும் நகருக்கு வடகிழக்கே, கிங்லேக் மலைப்பக்கம் மரங்களுக்கு நடுவே ஒரு வீட்டில் இருந்தார்கள். புகை தெரிகிறது, ஆனால் எங்களுக்குத் தெற்கே கடந்து போகிறது என்றார். குரலில் களைப்பு இருந்தது. நான் உற்சாகமாகச் சொன்னேன்: "சேஞ்ச் இங்கே வந்துவிட்டது. இன்னும் சிறிது நேரம் பொறுத்துக்கொள். உங்களுக்கும் வந்துவிடும்." அவர் நன்றி சொன்னார்.

என் அறியாமை எவ்வளவு பெரியது என்பதைப் பிற்பாடுதான் படித்தறிந்தேன். பலத்த வடமேல் காற்றில் ஓடும் காட்டுத்தீ ஒரு நீண்ட நாக்கு. அதன் நுனி குறுகலானது. பக்கங்கள் பல கிலோமீற்றர் நீளமானவை. நுனியின் பாதையில் இல்லாதவர்கள் புகை அயலால் போவதைப் பார்த்துத் தப்பிவிட்டோம் என்று நினைப்பார்கள். காற்றுத் தென்மேற்காகத் திரும்பும் கணத்தில் அந்த நாக்கின் வடகிழக்குப் பக்கம் முழுவதும் நுனியாகிவிடுகிறது. அன்று முற்பகலில் கில்மோர் ஈஸ்ட்டில் அறுந்த மின்கம்பியிலிருந்து எழுந்த தீ தென்கிழக்காக ஓடிக்கொண்டிருந்தது. காற்றுத் திரும்பியதும் அது பக்கவாட்டில் கிங்லேக் மலைமீது ஏறியது. மற்றொரு தீ மேரிஸ்வில் என்ற சிற்றூரை ஏறக்குறைய முழுதாகவே அழித்தது. அன்றைய தீக்களில் 173 பேர் இறந்தார்கள். அவர்களில் 119 பேர் கில்மோர் ஈஸ்ட் தீயில். நாங்கள் யன்னலைத் திறந்து வரவேற்ற அதே காற்றுதான்.

இது புதிய அனுபவமும் அல்ல. 1983 பெப்ரவரி 16ஆம் திகதி, சாம்பல் புதன் தீயில், விக்டோரியாவிலும் தென் அவுஸ்திரேலியாவிலுமாக 75 பேர் இறந்தார்கள். விக்டோரியாவில் மாண்ட 47 பேரில் பெரும்பாலோர் காற்றுத் திரும்பிய பிறகே மாண்டார்கள். வானிலையாளர்களும் தீயணைப்பாளர்களும் அறிந்த செய்தி அது. 2009இல் முன்னறிவிப்புத் தவறவில்லை. வெப்பம், காற்று, திருப்பம் எல்லாம் சொன்னபடியே வந்தன. நகரத்திலிருந்த என்னைப் போன்றவர்களின் காதுதான் அந்த வாக்கியத்தில் 'வெப்பம் குறையும்' என்ற பகுதியை எடுத்துக்கொண்டு, 'காற்றுத் திரும்பும்' என்ற பகுதியை விட்டுவிட்டது.

நண்பரும் மனைவியும் பிழைத்தார்கள். வீடு பற்றிக்கொண்டபோது வெளியேறி, ஏற்கெனவே எரிந்து முடிந்த புல்வெளியில் கம்பளிப் போர்வைக்குள் கிடந்தார்களாம். பக்கத்து வளவில் இருந்த இருவர் பிழைக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, மதிய உணவு நேரத்தில், எந்த முகாந்திரமும் இல்லாமல் அவர் சொன்னார்: "நீ அழைத்தபோது பெட்டிகளை வாகனத்தில் ஏற்றிவிட்டிருந்தோம். உன்னோடு பேசிய பிறகு இறக்கிவைத்தேன்." நான் என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். அவரே தொடர்ந்தார்: "அந்த நேரத்தில் புறப்பட்டிருந்தால் தெருவில் அகப்பட்டிருப்போம். ஒருவேளை நீ எங்களைக் காப்பாற்றியிருக்கலாம். எனக்குத் தெரியாது." அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுவே எனக்குக் கடினமாக இருந்தது. அந்த மாலையின் கணக்கை அவராலும் முடிக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

2010 ஜூலையில் விசாரணை ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை வெளிவந்தது. முன்கூட்டியே வெளியேறு, அல்லது இருந்து வீட்டைக் காப்பாற்று என்று இரண்டையும் சமமாக வைத்த பழைய அறிவுரையின் அழுத்தம் மாறியது. உயிர்தான் முதன்மையானது, மிக மோசமான நாட்களில் முன்கூட்டியே வெளியேறுவதே பாதுகாப்பு என்றானது. 2022 முதல் நாடு முழுவதற்கும் தீ அபாயத்துக்கு நான்கு பொதுப் படிகள் உள்ளன. உச்சப் படியின் பெயரே பேரழிவு. நகரத்தில் இருப்பவர்களுக்கு இவையெல்லாம் தெருவோரப் பலகையில் ஒரு முள் நகர்வது மட்டுமே. எங்களுக்கு அந்த நாட்களில் குளிர் வரும் நேரம்தான் இன்னும் முக்கியம்.

அம்மா இப்போது இல்லை. கடலுக்குப் போய்வந்த தன் தகப்பனிடமிருந்து அவர் பெற்றுவைத்திருந்த ஒரு வரி, கடலில்லாத ஓர் மலைக்குப் பொருந்தும் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. அதை நான் அன்று தொலைபேசியில் அப்படியே சொல்லியிருந்தாலும் நண்பருக்கு விளங்கியிருக்குமா என்பது வேறு விஷயம்.

நண்பர் அதே இடத்தில் மறுபடி வீடு கட்டினார். அதைப் பற்றி நான் கேட்பதில்லை. ஆனால் எங்களுக்கிடையே ஓர் ஏற்பாடு உருவாகியிருக்கிறது. வானொலியில் அந்த நான்கு வாக்கியங்களும் சேர்ந்து வரும் மாலையில் நான் அழைப்பேன். அவர்கள் மறுநாள் காலை, காற்று எழுமுன், இங்கே வந்துவிடுவார்கள். நேற்றும் அழைத்தேன். "கேட்டாயா?" என்றேன். "கேட்டேன், பெட்டிகள் வண்டியில் இருக்கின்றன" என்றார். அம்மா இருந்த அறையில் இரவே விரிப்பை மாற்றிவைத்தோம்.

இதை எழுதி முடிக்கும்போது காலை ஏழரை மணி. காற்று இன்னும் எழவில்லை. வாசலில் வாகனம் வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது.