தாழ்ந்த வண்டி

மனிதனுக்கு உயரத்தின் மேல் எப்போதுமே ஒரு மோகம். மாடிக்கு மேல் மாடி கட்டுகிறான். குதிகால் உயர்ந்த செருப்பு போட்டுக்கொள்கிறான். ஆனால் கலிபோர்னியாவில் வாழும் மெக்ஸிகோ வம்சாவளியினரில் சிலருக்கு, வண்டி எவ்வளவுக்கெவ்வளவு தரையோடு தரையாக ஊர்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு அழகு.

இது நேற்று வந்த வழக்கம் அல்ல. 1940-களிலேயே காரின் பின்பெட்டியில் மணல் மூட்டை வைத்துத் தாழ்த்தினார்கள். 1950-களின் பிற்பகுதியில் சர்க்கார் குறுக்கிட்டது. சக்கர வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என்றது. சும்மா இருப்பார்களா? 1959 வாக்கில் ரான் அகிர்ரே என்பவர் விமானத்து ஹைட்ராலிக் சாமான்களைத் தம் காரில் பொருத்தினார். போலீஸ்காரரைக் கண்டால் உயரும்; அவர் தலை மறைந்ததும் தாழும்! அந்த விதியை நீக்க 2023-ல்தான் மனம் வந்தது. 2024 ஜனவரியோடு அது போயிற்று.

சான் ஹோஸே நகரில் என் தங்கைக்கு அடுத்த வீட்டுப் பெரியவர், 1972-ம் வருஷத்து ஃபோர்டு எஃப்-250 பிக்கப் வண்டி ஒன்றைத் தாழ்த்திக்கொண்டிருந்தார். அது சுமை தூக்கவே பிறந்த வண்டி. வெறுமனே நிற்கும்போது பின்புறம் தூக்கியிருக்கும். பாரம் ஏறினால்தான் சமமாகும். வில் பட்டைகளுக்குக் கீழே இருந்த பின் அச்சை அவர் மேலே மாற்றினார். வண்டி ஐந்தாறு அங்குலம் இறங்கிவிட்டது. அச்சு இடிக்காமலிருக்க சேஸிஸை அரைவட்டமாக வெட்டி, இரும்பு வைத்துப் பற்றவைத்தார்.

"முன்னால் ஸ்பிரிங் சுருளை வெட்டினால் போதாதா?" என்று கேட்டேன்.

"சக்கரத்தின் தலை உள்ளே சாயும். டயர் உள்பக்கமாகத் தேய்ந்துபோகும். சக்கரத்தைத் தாங்கும் உத்தரங்களையே மாற்ற வேண்டும்" என்றார்.

"பாரம் ஏற்றுகிற வண்டியை இப்படிப் பாழ் பண்ணுவார்களா, அண்ணா? இனிமேல் கொஞ்சம் ஏற்றினாலும் கீழே இடிக்குமே!" என்று தங்கை என் காதோடு சொன்னாள். அதையே சற்று மரியாதையாக நான் அவரிடம் கேட்டேன்.

முப்பது வருஷம் தோட்ட வேலை செய்தவர் அவர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெள்ள எழுந்தார்.

"மண், கல், வெட்டிய மரம் எல்லாம் சுமந்தாயிற்று. அதுவும் சுமந்தது, நானும் சுமந்தேன். என் முதுகை டாக்டரால் சரிசெய்ய முடியவில்லை. இதையாவது உட்கார வைக்கலாமே!"

மறுவாரம் தங்கை ஒரு பீரோ வாங்கினாள். அதைக் கொண்டுவர வாடகை வண்டி பிடித்தோம். அடுத்த வீட்டில் வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. கேட்க எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை.