சுரைக்குடுக்கையில் கூழாங்கற்கள்

அப்பா பள்ளி ஆசிரியர். அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ நாவலைப் பகலில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, ராத்திரி திண்ணையில் எங்களுக்குக் கதையாகச் சொல்வார். கீழத்தஞ்சையில் ஒரு சின்ன ஊர். நான் மூன்றாம் வகுப்பு. அப்பாயி வெற்றிலை இடித்தபடி கேட்பாள்.

காம்பியா ஆற்றோரம் ஜுஃபூர் என்ற ஊர். பிள்ளை பிறந்த எட்டாம் நாள் தகப்பன் அதன் காதில்தான் முதலில் பெயரைச் சொல்கிறான். “நம்மள மாதிரியேதான்” என்றாள் அப்பாயி. அப்படிப் பெயர் வாங்கிய குண்டா கின்டேயைப் பதினேழு வயதில் பிடித்துப்போய், 1767-இல் அமெரிக்காவில் விற்று, ‘டோபி’ ஆக்குகிறார்கள். நான்காம் முறை தப்பி ஓடியபோது பாதத்தில் பாதியை வெட்டினார்கள். அப்பாயி உரலை நகர்த்திவைத்தாள். அவளுடைய அப்பா பண்ணையாள்; சாணிப்பாலும் சவுக்கடியும் கண்டவர். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த 1952-க்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

குண்டா புதுப்பிறை காணும்போதெல்லாம் ஒரு சுரைக்குடுக்கையில் கூழாங்கல் போடுவான். அதுதான் அவன் வயசுக் கணக்கு. மகள் கிஸ்ஸிக்குத் தன் ஊர்ச் சொற்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தான்; ஆறு என்றால் ‘பொலோங்கோ’. ஹேலியும் அந்தச் சொல்லைச் சிறுவயதில் டென்னஸியில், பாட்டி வீட்டுத் திண்ணைப் பேச்சில்தான் கேட்டாராம். அவர் எழுதிய வம்சாவழியை ஆய்வாளர்கள் பின்னாளில் கேள்வி கேட்டார்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் அப்பாயியின் தாத்தாவுக்கு மேலே ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை. அதனால் அந்தத் திண்ணைப் பேச்சின் அருமை எனக்குத் தெரியும்.

எஜமான் வீட்டு உறவுக்காரச் சிறுமியோடு பள்ளிக்கூட விளையாட்டு ஆடியே எழுத்துக் கற்றவள் கிஸ்ஸி. அடிமை வெளியே போக எஜமானின் அனுமதிச் சீட்டு வேண்டும். தான் விரும்பியவன் தப்பிக்க அவளே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். அவன் பிடிபட்டான். பதினாறு வயதில் அவளை விற்றார்கள். அன்று குண்டா குடுக்கையைத் தரையில் அடித்து உடைத்தான். கற்கள் நாலாபக்கமும் சிதறின.

“எழுதத் தெரிஞ்சதுக்கா வித்தாங்க?” என்றாள், ரேஷன் கடையில் கைநாட்டு வைக்கும் அப்பாயி.

“ஆமாம்மா.”

“அப்பறம் அப்பனும் மவளும் பாத்துக்கிட்டாங்களா?”

“இல்லம்மா.”

வெகுநேரம் பேசவில்லை. பிறகு என் சிலேட்டை எடுத்து மடியில் வைத்தாள். “அந்தப் புள்ள பேர எழுது.”

எழுதினேன். அரிக்கேன் விளக்கைக் கிட்டே இழுத்து, தொட்டால் அழிந்துவிடும் என்று விரலை மேலேயே நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.