நின்ற வண்டியை எழுப்புகிறவர்கள்

பங்குனி வெயில் ஏறுவதற்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்று, எட்டு மணிக்கெல்லாம் கொட்டகைக்கு முன்னால் தண்ணீர் தெளித்து சிமெண்ட் சாக்கை விரித்துவிட்டார் அந்த மெக்கானிக். அரியலூர் பக்கத்து விக்கிரமங்கலத்தில் நான் அவரைப் பார்க்கப் போன அன்று, குட்டியானை லோடு வண்டியில் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 வந்து இறங்கியது. மாட்டுக்கொட்டகை ஓரத்தில் இரண்டு வருடம் தார்ப்பாய்க்கு அடியில் நின்ற வண்டி. மேலே வைக்கோல் தூசி. சைலன்சர் வாயில் குளவிக் கூடு. சொந்தக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நான்கு நாளில் ஊருக்கு வருகிறார். வண்டியைக் கொண்டுவந்தவர் அவருடைய அப்பா, கூடவே ஒரு பேரப்பையன்.

இறக்கி வைத்த மறுநிமிடமே பையன் கிக்கரில் காலை வைத்தான்.

“காலை எடு தம்பி. ரெண்டு வருசமா தூங்குறவன எட்டி ஒதைச்சா எழுப்புவாங்க?”

அன்று காலை மெக்கானிக் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். நிற்கிற இன்ஜினுக்குள் சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் கீழே வடிந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் உள்ளே போய் மெல்லிய துருவைப் பிடிக்கவைக்கிறது. பிஸ்டன் ரிங் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த நிலையில் ஓங்கி உதைத்தால் ரிங் உடையும், அல்லது சிலிண்டரில் கோடு விழும். அப்புறம் அது சிலிண்டரைக் கடைந்து ‘போர்’ போடுகிற செலவு. நிற்பதால் வருகிற கெடுதலைச் சரிசெய்துவிடலாம்; அவசரப்பட்டு எழுப்பும்போது வருகிற கெடுதல்தான் வண்டியைத் தீர்த்துக்கட்டுகிறது. இந்தத் தொழிலில் பாதி, காத்திருப்பதுதான்.

அவர் பிளக்கைக் கழற்றினார். அந்த ஓட்டை வழியாக டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான டூ-டி ஆயிலை இரண்டு மூடி ஊற்றினார். “ஊறட்டும் பெரியப்பா” என்று சொல்லிவிட்டு டேங்க் பக்கம் போய்விட்டார்.

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1985-ல் இந்தியாவில் இறங்கிய ஆர்எக்ஸ் 100, 98 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் 11 குதிரைத்திறன் தந்தது. எடை நூறு கிலோவை ஒட்டித்தான். அந்த எடைக்கு அந்த வேகம் அன்றைய இளைஞர்களுக்குப் பெரிய பித்து; ஏழைவீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த ரேஸ் வண்டி என்றே சொல்லலாம். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால் 1996-ல் தயாரிப்பு நின்றது. இன்று ஓடுகிற ஒவ்வொன்றும் யாரோ ஒரு மெக்கானிக் கைபட்டுப் பிழைத்தது.

அரியலூர், பெரம்பலூர் பக்கத்து ஊர்களில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று ஆள் போகாத தெரு அரிது. ஆள் போனபின் வண்டி காத்திருக்கிறது. டொரண்டோவில் இருக்கிற நம் தமிழர்கள் சிலர் பனிக்காலம் முழுக்க ஸ்போர்ட்ஸ் காரை உள்ளே பூட்டி வைத்து, சாலையில் தூவிய உப்பு மழையில் கழுவப்பட்டபின் ஏப்ரல் வாக்கில் வெளியே எடுக்கிறார்கள். பூட்டும்போதே பேட்டரிக்குச் சின்ன சார்ஜர், பெட்ரோலுக்குக் கெடாமல் இருக்க மருந்து என்று ஏற்பாடு செய்துவிடுவார்கள். இங்கே அந்த ஏற்பாடு கிடையாது. விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

டேங்க் மூடியைத் திறந்ததும் வார்னிஷ் வாடை அடித்தது. மெக்கானிக் பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். பழுப்பு நிறம்; அடியில் தனியாக ஒரு கலங்கல் அடுக்கு. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. 2025-ல் நாடு 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மீறினால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், அங்கிருந்து துரு தொடங்கும். எத்தனாலை நினைத்துப் பார்க்காத காலத்தில் செய்த இந்த வண்டியின் ரப்பர் குழாய்கள் அதில் ஊறிப் பருத்துவிடும். யாரையும் கேட்காமலேயே அவர் குழாயை மாற்றினார். டேங்குக்குள் ஒரு கைப்பிடி பழைய நட்டுகளும் கொஞ்சம் டீசலும் போட்டு, பையனிடம் கொடுத்துக் குலுக்கச் சொன்னார். பையனுக்கு அதில் அரைமணி நேரம் போனது.

கார்பரேட்டரைப் பிரித்தபோதுதான் அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் உலர்ந்து, வெல்லப்பாகு காய்ந்தது மாதிரி ஒட்டியிருந்தது. பைலட் ஜெட் என்பது அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் துண்டு. அதன் துளை மயிரிழை அளவு. அது அடைத்தால் வண்டி ஐட்லிங்கில் நிற்காது. ஊசி விட்டுக் குத்துகிறவர்கள் உண்டு. குத்தினால் துளை பெரிதாகி, வண்டி காலம் முழுக்கக் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கும். இவர் பழைய வயரிலிருந்து ஒற்றைச் செப்பு இழையை உருவி, துளையில் விட்டு மெல்ல உருட்டினார், காற்று அடித்தார், ஜெட்டை வானத்துக்கு நேராகத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். மூன்று முறை இப்படி. நான்காவது முறை என்னிடம் நீட்டினார். உள்ளே வட்டமாக, பிசிறில்லாமல், ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது.

ஆயில் பம்பில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஆர்எக்ஸில் டூ-டி ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப். நின்ற வண்டியில் குழாய்க்குள் காற்று புகுந்திருந்தால் ஆயில் வராது. சில கிலோமீட்டரில் பிஸ்டன் இறுகிவிடும். பம்பின் சின்னத் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று வெறும் எண்ணெய் வரும்வரை அவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதையும் முழுதாக நம்பாமல் முதல் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றினார்.

2020 ஊரடங்கு முடிந்தபோது இப்படி நின்றுபோன வண்டிகளால் இந்தக் கொட்டகை வாசலில் இடமில்லையாம். எலி வயரைக் கடித்த கார், காற்றிறங்கித் தரையோடு படுத்த டயர், பிரேக் ஒட்டிக்கொண்ட ஸ்கூட்டர் என்று வரிசை கட்டி நின்றிருக்கின்றன.

மதியத்துக்கு மேல் அவர் கிக்கரைக் கையாலேயே அமுக்கினார். மெதுவாக, நாலைந்து முறை. ரிங் இளகிவிட்டது. பிளக்கை மாட்டி, சோக்கைப் போட்டு, அப்புறம்தான் காலை வைத்தார். ஐந்தாவது உதையில் இன்ஜின் பிடித்தது. ஊற்றிவைத்த ஆயில் வெள்ளைப் புகையாகக் கொட்டகையை நிறைத்தது. பெரியவர் மகனுக்கு வீடியோ கால் போட்டு, போனை சைலன்சர் பக்கம் பிடித்தார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பு புகைக்கு நடுவிலும் கேட்டது.

கணக்குப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு கனத்தது. பிளக், குழாய், ஆயில் விலையைப் பெரியவர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். கூலிக்கு வந்ததும் பேரம். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அன்று அந்த வண்டியைக் காப்பாற்றியது மெக்கானிக் ஓட்டையில் எண்ணெய் விட்டுக் காத்திருந்த அந்தப் பொழுது. அதற்குப் பில் கிடையாது.

வெளிநாடு கிளம்புகிற தம்பிகளே, போகும் முன் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, வண்டி தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். திரும்பி வந்ததும் நீங்களே உதைக்காமல் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அவர் கேட்கிற கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.