ஏலகிரியில் ஒரு பிரேக் கட்டை



எங்கள் மக்தபில் ஓதும் மாணவர்களில் மூத்தவர்கள் எட்டுப் பேரை அழைத்துக்கொண்டு, சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் மிதிவண்டிகளில் ஏலகிரிக்குப் புறப்பட்டேன். திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர்களுக்கு ஏலகிரி அடுத்த வீடு போன்றது; பேருந்தில் போய்ப் படகில் ஏறிவிட்டுத் திரும்பிவிடுவோம். மிதித்து ஏறினால்தான் அது மலை என்பது முழங்காலுக்குத் தெரியும்.

பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். மேட்டில் ஏறுகையில் தக்பீரும் இறங்குகையில் தஸ்பீஹும் கூறுவது ஸஹாபாக்களின் வழக்கம் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அதைச் சொல்லிக்கொடுத்தே ஏறத் தொடங்கினோம். முதல் வளைவுகளில் முழங்கிய தக்பீர், பாதி மலை ஏறுவதற்குள் உதட்டளவிலும், பிறகு உள்ளத்தளவிலும் சுருங்கியது. மேட்டில் சிறிய கியரில் மெதுவாக, நிறுத்தாமல் மிதிக்க வேண்டும். எழுந்து நின்று வேகம் காட்டிய இளைஞர்களே முதலில் உருட்டத் தொடங்கினார்கள். நாற்பதைக் கடந்த நான் உட்கார்ந்தபடியே அவர்களைக் கடந்தேன். சிறிது பெருமையும் அடைந்தேன், அல்லாஹ் மன்னிப்பானாக.

அத்தனாவூரில் லுஹர் தொழுதோம். “ஹஜ்ரத், நாம் முஸாஃபிர்தானே? கஸ்ரு செய்யலாமா?” என்று ஒருவன் ஆவலோடு கேட்டான். கஸ்ருக்குப் பெரும்பாலான அறிஞர்கள் கணக்கிட்டுள்ள தொலைவு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நாங்கள் வந்ததோ 30-க்குள். களைப்புக்குச் சட்டத்தில் சலுகை இல்லை என்றதும் பையன்களின் முகம் வாடியது. நான்கு ரக்அத்தும் தொழுதார்கள்.

பிறகு நிலாவூர்ப் பக்கம் தார்ச்சாலையை விட்டு மண்பாதைக்குள் நுழைந்தோம். வயல் வரப்பு, பலா மரங்கள், மழைநீர் அறுத்துப் போட்ட ஓடைத்தடம், உருண்டோடும் சரளைக்கல். இத்தகைய தடத்தில் இறங்குவதற்கு முன் இருக்கையைத் தாழ்த்த வேண்டும். உடல் எடையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, மென்மையாக, விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். முன்பிரேக்கை மட்டும் இறுக்கினால் வண்டி நின்றுவிடும், ஓட்டுபவன் நிற்கமாட்டான்.

இவற்றையெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றை மட்டும் செய்யவில்லை. காலையில் வாடகை வண்டிகளைப் பெற்றபோது, ஒன்றின் பின்பிரேக் பிடி கைப்பிடியைத் தொடும்வரை வந்ததைப் பார்த்தேன். “தாங்கும்” என்றார் கடைக்காரர். நேரமாகிவிட்டது. “தவக்குல் அலல்லாஹ்” என்று சொல்லி அதை ஒரு மாணவனிடம் கொடுத்தேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை அதற்கு முந்தைய வாரம்தான் அதே மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருந்தேன்.

சரிவில் அவனுடைய பின்பிரேக் பிடிக்கவில்லை. பதற்றத்தில் முன்பிரேக்கை இறுக்கினான். வண்டிக்கு மேலாகப் பறந்து விழுந்தான். ஓடிச் சென்று தூக்கியபோது வலது மணிக்கட்டு திரும்பியிருந்தது.

அருகிலிருந்த வீட்டிலிருந்து ஒரு மூதாட்டி தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் கொண்டுவந்தார். அவர் மகன், ஏற்றிய கொய்யாக் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு, தம் சிறு வண்டியில் எங்களைக் கீழே மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். டீசலுக்குக்கூடப் பணம் வாங்கவில்லை. அந்த 14 வளைவுகளிலும் ஒரு தஸ்பீஹும் என் நாவில் ஒழுங்காக வரவில்லை. “யா அல்லாஹ், இவன் என்னிடம் அமானிதம்” என்பதைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

மாவுக்கட்டுப் போட்டு முடிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: “ஹஜ்ரத், மஃக்ரிபுக்கு நேரமாகிறது. இதன் மேல் மஸ்ஹு செய்தால் போதுமா?” நம் ஹனஃபி மத்ஹபில் போதும் என்றேன். வலக்கையைக் கட்டின் மேல் அவனால் தடவ முடியும். இடக்கையைக் கழுவ யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் ஊற்றினேன். கை நடுங்கியது.

இரவு அவன் தந்தையிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். விதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வாசல் திறந்தே இருந்தது. பிறர் பிள்ளையின் எலும்பு முறிந்த விஷயத்தில் அந்த வாசலில் நுழைய எனக்கு மனம் வரவில்லை. “பிரேக் சரியில்லை என்று தெரிந்தே கொடுத்தேன் பாய்” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அடுத்த தடவை என்னையும் கூட்டிப் போங்க ஹஜ்ரத். எனக்கு வண்டி பார்க்கத் தெரியும்” என்றார்.

அல்ஹம்துலில்லாஹ், எலும்பு கூடிவிட்டது. போன மாதம் மீண்டும் போனோம். புறப்படுவதற்கு முன் பள்ளிவாசல் முற்றத்தில் பத்து வண்டிகளையும் அவர் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றிப் பிரேக் பிடித்துப் பார்த்தார். இரண்டு வண்டிகளுக்குப் பிரேக் கட்டை மாற்றினார். அதில் ஒன்று என்னுடையது.