தனியே கழுவிய டம்ளர்

"ஒண்ணும் நடக்கலையேம்மா, அப்புறம் எதுக்குக் கேஸு?"

காவல் நிலையத்தில் அந்த உதவி ஆய்வாளர் என்னிடம் கேட்டது இதுதான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் பெயர் வீணாக அடிபட வேண்டாமே என்ற அக்கறை. அந்த அக்கறையாலேயே எத்தனை புகார்கள் நிலையத்து வாசற்படியோடு திரும்பிப் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்காகத்தான் வழக்கறிஞராக நான் அங்கே போயிருந்தேன். இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம். உடன் வேலை செய்த ஒருவர் வீட்டில் பிரிவு உபசார விருந்து. சிலர் பீர் குடித்தார்கள். இவர் கேட்டது மாம்பழ ஜூஸ். வீட்டுக்காரரே கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறி, கால் பின்னி, சோபாவில் சாய்ந்துவிட்டார். "சரக்கு ஏறிடுச்சு. மாடி ரூம்ல படுக்கட்டும், நான் பாத்துக்கறேன், நீங்கல்லாம் கிளம்புங்க" என்று வீட்டுக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப, தோழி ஒருவர் மட்டும் நகரவில்லை. "அவ குடிக்கவே மாட்டா சார். நான் இல்லாம அவ எங்கயும் வர மாட்டா" என்று கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வழக்கின் உயிர் அந்தப் பிடிவாதம்தான்.

ஆட்டோவில் பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போனால், "போலீஸ் கேஸ் மாதிரி இருக்கு, ஜி.எச்.சுக்குப் போயிடுங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். சிகிச்சைதான் முதலில், போலீஸ் சடங்கெல்லாம் பிறகு என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. தோழியின் அண்ணன் என்னிடம் ஜூனியராக இருந்தவர்; அவர் மூலம் எனக்கு ஃபோன் வந்தது அப்போதுதான். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள் என்றேன். ஜி.எச்.சில் ரத்தத்தோடு சிறுநீரையும் எடுத்து சீல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன்.

சிறுநீரை நான் வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு. இத்தகைய மருந்துகள் ரத்தத்தைவிடச் சிறுநீரில் அதிக நேரம் தங்கும். தூக்க மாத்திரை வகைகள் சில நாட்கள்கூடத் தென்படலாம், ஜி.எச்.பி. என்ற மருந்தோ ஏறக்குறைய 12 மணி நேரத்தில் சிறுநீரிலிருந்தும் மறைந்துவிடும். நம் வீடுகளில் என்ன செய்வோம்? மோர் கொடுத்துப் படுக்க வைப்போம், விடிந்ததும் தலைக்குக் குளிப்பாட்டுவோம், வெளியே சொல்லாதே என்போம். சாட்சியம் அதற்குள் சாக்கடையில் போய்விடும்.

உதவி ஆய்வாளரிடம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 328-ஆம் பிரிவை எடுத்து வைத்தேன். காயப்படுத்தவோ, ஒரு குற்றத்தைச் செய்யவோ, அதற்கு வழிசெய்யவோ நினைத்து மயக்கப் பொருளைக் கொடுத்தாலே குற்றம் முடிந்துவிடுகிறது. பத்தாண்டு வரை சிறை. அதன் பிறகு ஏதாவது நடந்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை. அவர் இரண்டு முறை படித்தார். வழக்குப் பதிவு செய்தார். அதன் பின் அவர் செய்த புலன்விசாரணையை நான் மனதாரப் பாராட்டுவேன்.

அந்த வீட்டுச் சமையலறைத் தொட்டியில் ஜூஸ் காய்ந்து ஒட்டிய டம்ளர்கள் குவிந்து கிடந்தன, ஈ மொய்த்தபடி. ஒரே ஒரு டம்ளர் மட்டும் துலக்கி, மேடையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பார்வை மகஜரில் அதை அப்படியே எழுதினார். தடய அறிவியல் ஆய்வக அறிக்கை வந்தபோது ரத்தத்தில் மது இல்லை. சிறுநீரில் நைட்ரஸெபாம் என்ற தூக்க மருந்து இருந்தது. அது எச்-1 அட்டவணை மருந்து. எழுதிய மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் மருந்துக்கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். தெருமுனைக் கடைப் பதிவேட்டில், விருந்துக்குச் சில நாள் முன் எதிரியான வீட்டுக்காரரின் தந்தை பெயரில் அதே மாத்திரை வாங்கிய பதிவு கிடைத்தது.

மகளிர் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞருக்குத் துணையாக நான் இருந்தேன். குறுக்கு விசாரணை முழுக்க அந்தப் பெண்ணின் மறதியைச் சுற்றியே நடந்தது. "எதுவுமே ஞாபகமில்லை என்கிறீர்கள். பிறகு இவர்தான் கலந்தார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" அந்தப் பெண் நிதானமாகப் பதில் சொன்னார்: "அவர் கலந்ததைப் பார்த்தேன்னு நான் சொல்லவே இல்லைங்க. அவர் கொடுத்ததைக் குடிச்சேன். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்." உட்கொண்ட பிறகு நடந்தவை நினைவில் பதியாமல் போவது இந்த மருந்தின் இயல்பு என்று மருத்துவர் சாட்சியம் சொன்னார். எதைக் காட்டி அவரைப் பொய்யர் ஆக்கப் பார்த்தார்களோ, அதுவே நஞ்சூட்டப்பட்டதற்கு அடையாளம் ஆனது.

ஒரு ராத்திரித் தூக்கம் எப்படிக் காயமாகும் என்றும் எதிர்த்தரப்பு கேட்டது. ஊமத்தை கலந்த இனிப்பு பற்றிய அனீஸ் பேக் வழக்கை எடுத்துக் கொடுத்தோம். உறுப்பு தற்காலிகமாகச் செயலிழந்தாலும் அது சட்டப்படி காயம்தான் என்று ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே அலகாபாத் உயர் நீதிமன்றம் வகுத்திருக்கிறது.

அந்தப் பெண்ணின் அம்மாதான் எனக்குப் பெரும் சவாலாக இருந்தார். "நீ ஏன் வாங்கிக் குடிச்சே?" என்று மகளை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். உடன் வேலை செய்பவர் வீட்டில் கொடுத்த ஜூஸைக் குடிப்பது தவறில்லை அம்மா, கலந்தவன் செய்ததுதான் தவறு என்று நானும் ஒவ்வொரு வாய்தாவிலும் சொன்னேன். ஆலோசகரிடம் மகளோடு அவரும் போக ஆரம்பித்த பிறகே அந்தக் கேள்வி நின்றது.

எதிரிக்கு 328-ன் கீழ் ஐந்தாண்டு கடுங்காவல் தண்டனை கிடைத்தது. இன்று அதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவில் 123-ஆம் பிரிவு. புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். அவசர உதவிக்கு 112, பெண்களுக்கு 181. வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் உண்டு. விருந்தில் ஒருவர் திடீரென்று குழறினால், "நான் பாத்துக்கறேன்" என்று யார் சொன்னாலும் விட்டுவிட்டு வராதீர்கள். கூடவே இருந்து மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.