குழிக்கு உரியவர் யார்?



யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியில், பிரசங்கங்களில் அதிகம் எடுத்துக்கொள்ளப்படாத ஒரு சிறு சட்டம் உண்டு. ஒருவர் குழி தோண்டி அதை மூடாமல் விட்டு, அதில் பிறருடைய மாடோ கழுதையோ விழுந்து இறந்தால், அந்த இழப்புக்கு ஈடு கொடுக்க வேண்டியவர் அந்தக் குழிக்கு உரியவரே என்பது அதன் சாரம். மாடு ஏன் அந்தப் பக்கம் வந்தது, மேய்ப்பவன் எங்கே போயிருந்தான் என்றெல்லாம் அந்தச் சட்டம் விசாரிப்பதில்லை. குழி யாருடையது என்ற ஒன்றையே கேட்கிறது.

இந்த வாரம் அந்தக் கேள்வியை நம்முடைய வீடுகளுக்கு எடுத்துச் செல்ல விரும்புகிறேன். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர் நம்முடையது. ஆகவே நம் வீடுகள் ஒவ்வொன்றிலும் ஒரு குழி இருக்கிறது. செப்டிக் டேங்க் என்று அதைச் சொல்கிறோம். வீடு கட்டும்போது தோண்டி, மூடி, அன்றோடு மறந்தும் விடுகிறோம். புதுவீட்டுப் பிரதிஷ்டைக்கு வரும்போது தலைவாசலில் நின்று ஜெபிக்கிறேன். சமையலறை, படுக்கையறை, மாடி என்று ஒவ்வோர் இடமாக என்னை அழைத்துச் செல்கிறீர்கள். கொல்லைப்புறத்துக்கு மட்டும் எவரும் என்னை அழைத்துச் சென்றதில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலோடு சேரும் தாமிரபரணி, ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே கரை எது, வயல் எது என்று தெரியாதபடி பரந்து கிடந்தது. நம் ஆற்றங்கரைத் தெருவில் வீடுகளுக்குள் புகுந்த நீரில் ஆற்று நீரும் மழை நீரும் மட்டும் இருக்கவில்லை. தரைக்கு அடியில் நாம் மறைத்து வைத்திருந்தவையும் கலந்திருந்தன. யாருடைய தொட்டியிலிருந்து வந்தது, யாருடைய அடுப்பங்கரைக்குள் சென்றது என்று பிரித்துச் சொல்ல இயலாதிருந்தது.

வெள்ளம் வடிந்த மறுநாளே பலர் லாரியை வரவழைத்துத் தொட்டியைக் காலி செய்ய முனைந்தனர். பக்கத்து ஊரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அவர்களைத் தடுத்தார். நிலம் நீரால் ஊறிக் கிடக்கும்போது தொட்டியை முழுவதும் உறிஞ்சி எடுத்தால், சுற்றியுள்ள நிலத்தடி நீர் வெறுமையான தொட்டியை மேலே தள்ளும்; சுவர் பிளக்கலாம், குழாய் முறியலாம் என்று விளக்கினார். அதுவரை கிணற்று நீரைக் குடிக்க வேண்டாம் என்றும், நீர்மட்டம் இறங்கியபின் ஒவ்வொரு தொட்டியையும் முறையாகப் பார்க்கலாம் என்றும் சொன்னார். பொங்கல் கழிந்தபின், சபைக் குழுவின் வேண்டுகோளுக்கு இணங்கி ஆற்றங்கரைத் தெரு முழுவதையும் ஆய்வு செய்து தந்தார். அந்த நாட்களில் நானும் அவருடன் வீடு வீடாகச் சென்றேன்.

இத்தகைய ஆய்வு நமக்குப் புதிது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், செப்டிக் டேங்க் உள்ள வீட்டை விற்பதென்றால் உரிமம் பெற்ற ஆய்வாளர் அதைப் பார்த்துச் சான்று தர வேண்டும் என்ற விதி 1995 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் பக்கத்தில் வீடு வாங்குகிறவர் பத்திரத்தைப் பார்க்கிறார், வில்லங்கம் பார்க்கிறார், வாஸ்துவைக்கூடப் பார்க்கிறார். தொட்டியைப் பார்ப்பதில்லை.

பொறியாளரின் முதல் கேள்வி எளியது: “டேங்க் எங்கே இருக்கிறது?” பல வீடுகளில் அதற்கே விடை இல்லை. கட்டியவர் காலமாகியிருந்தார்; மூடியின்மேல் தரையோடு பதித்திருந்தார்கள். ஒரு வீட்டில் அதன்மேல் மாட்டுக்கொட்டகை நின்றது. இடத்தைக் கண்டுபிடித்து மூடியைத் திறந்தபின் எல்லாரையும் விலகி நிற்கச் சொல்வார். அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. உள்ளே மீத்தேன் இருக்கும். அவர் தலையைக்கூட உள்ளே நீட்டுவதில்லை. நீண்ட கம்பு ஒன்றின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடிவரை இறக்கி, மெதுவாக வெளியே எடுப்பார். துணியில் கறுப்பாக ஒட்டியிருக்கும் அளவே அடியில் தங்கிய கசடின் உயரம். மேலே மிதக்கும் ஏட்டின் தடிமனையும் அளப்பார். இரண்டுக்கும் இடையில் தெளிந்த நீருக்குப் போதிய இடம் இல்லையென்றால் கசடு உறிஞ்சுகுழிக்குள் சென்று அதை அடைத்துவிடும். ஆகவேதான் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் கசடை அகற்ற வேண்டும் என்கிறார்கள்.

அதன்பின் நீர்மட்டத்தைப் பார்ப்பார். தொட்டியில் நீர், வெளியேறும் குழாயின் மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்குமேல் நின்றால் உறிஞ்சுகுழி அடைபட்டிருக்கிறது. அதற்குக் கீழே நின்றால் தொட்டி கசிகிறது. இந்த இரண்டாவது செய்தியைத்தான் நம்மில் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம்.

அந்தத் தெருவில் முதிய தாயார் ஒருவர் வாழ்கிறார். “எங்கள் டேங்க் இருபத்தாறு வருஷமாக நிறையவே இல்லை ஐயா, கர்த்தருடைய கிருபை” என்று எங்களிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். பொறியாளர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. அடியில் தளமே போடப்படவில்லை, வெறும் மணல். அங்கிருந்து கிணறு எட்டு அடி தூரம். உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2470 என்னும் இந்தியத் தர நெறிமுறை. பொறியாளர் கழிப்பறையில் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினார். சாயம் தெரியாவிட்டாலும் கிணறு சுத்தம் என்று பொருளல்ல, நீரைச் சோதனைக்கு அனுப்பத்தான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். நான்காம் நாள் காலையில் வாளியில் வந்த நீரில் பச்சை தெரிந்தது.

அந்தத் தாயாரின் கிணறு தெருவுக்கே தெரிந்த கிணறு. கோடையில் எவர் குடத்தோடு வந்தாலும் அவர் மறுத்ததில்லை. அவருடைய ஈகை குடம் குடமாகச் சென்ற வழியிலேயே, அவர் அறியாத ஒன்றும் சென்றுகொண்டிருந்தது. வாளியைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றார். பிறகு கிணற்றின்மேல் பலகையை இழுத்துப் போட்டார். அன்று மாலை எவரையும் துணைக்கு அழைக்காமல் தாமே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, “என் கிணற்றுத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்” என்று சொல்லிச் சென்றார். அந்த ஊழியத்துக்கு ஈடான பிரசங்கத்தை நான் இதுவரை செய்ததில்லை.

பிரியமானவர்களே, நிறையாத தொட்டி ஆசீர்வாதம் அல்ல. அது தன் சுமையைப் பிறர்மேல் இறக்கிக்கொண்டிருக்கிறது. நம் வீட்டில் தொல்லை இல்லை என்பதால் தொல்லையே இல்லை என்று ஆகிவிடாது. அது அயலாரின் கிணற்றிலோ, ஆற்றிலோ, கீழ்க்கரை ஊரின் குழந்தையின் வயிற்றிலோ இருக்கலாம். அயலாரை நேசிப்பது என்பதை நாம் பெரும்பாலும் மனத்தின் உணர்ச்சியாகவே எண்ணுகிறோம். ஆற்றங்கரையில் வாழ்கிறவருக்கு அது சிமெண்டுத் தளமாகவும் பதினெட்டு மீட்டர் இடைவெளியாகவும் வடிவெடுக்க வேண்டும்.

இன்னொரு வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே கசடு இறுகிப் பாறைபோல் இருந்தது. லாரி வர வழியில்லை என்று எண்ணிய அவ்வீட்டு இளைஞர், “இரண்டு ஆட்களை இறக்கிவிட்டால் அரைநாளில் முடிந்துவிடும் ஐயா. அவர்களுக்குப் பழக்கம்தான்” என்றார். பொறியாளர் அமைதியாக, “அவர்களுக்குப் பழக்கம் இருக்கலாம் தம்பி. அந்த வாயுவுக்கு யாரோடும் பழக்கம் கிடையாது” என்றார்.

தொட்டிக்குள் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அதன் செறிவு மிகும்போது நுகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குகிறவர் சில மூச்சுகளில் விழுந்துவிடுகிறார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுகிறார். ஒரே தொட்டியில் இருவர், மூவர் இறந்தனர் என்று நாளிதழில் படிக்கும் செய்திகளுக்கு இதுவே காரணம். இந்த வேலைக்கு அழைக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். திருவிருந்தில் நம்மோடு ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிறவர்களும் அவர்களில் உண்டு. ஞாயிறு காலையில் அருகில் முழங்கால்படியிட்ட சகோதரரைத் திங்கள் காலையில் குழிக்குள் இறக்குவது எப்படித் தகும்?

நம் நாட்டின் சட்டமும் இங்கே வேதத்தின் அந்தப் பழைய கேள்வியையே கேட்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஒருவரைச் செப்டிக் டேங்கில் இறக்குவது குற்றம். முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அமர்த்தியது வீட்டுக்காரரானாலும் விலக்கில்லை. இவ்வாறு இறப்பவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆயினும் ஒரு மனித உயிருக்கு ஈடு என்று ஒரு தொகை இருக்க முடியுமா? அந்த இளைஞரின் வீட்டில், தண்ணீர் பாய்ச்சிக் கசடை இளக்கி, பின் தெருவில் நின்ற லாரியிலிருந்து நீண்ட குழாய் இழுத்து உறிஞ்சி எடுத்தார்கள். ஒரு நாள் கூடுதலாயிற்று, பணமும் கூடுதலாயிற்று. எவரும் இறங்கவில்லை.

ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. அதற்குமுன் நீங்கள் செய்யக்கூடியவை எளியவை. தொட்டி எங்கே இருக்கிறது என்று கண்டறிந்து, அதன் இடத்தை ஒரு தாளில் வரைந்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். மூடியில் விரிசல் இருந்தால் இன்றே மாற்றுங்கள். சிறு பிள்ளைகள் அதன்மேல் விளையாடுகிறார்கள். காற்றுக்குழாயின் வாயில் கொசுவலை கட்டுங்கள். விவரம் அறிந்த பொறியாளரைக் கொண்டு கசடையும் நீர்மட்டத்தையும் அளந்து பாருங்கள். நீங்களாக எட்டிப் பார்க்கவும் இறங்கவும் வேண்டாம். கிணற்று நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுங்கள். கசடை அகற்ற உரிமம் பெற்ற லாரியையே அழையுங்கள். அது கொண்டுபோவதை எங்கே கொட்டுகிறது என்றும் கேளுங்கள். இரவில் ஆற்றில் கொட்டப்படுமானால், நாம் குழியைச் சுத்தம் செய்யவில்லை; இடம் மாற்றியிருக்கிறோம்.

சபைக் குழு மீண்டும் அந்தப் பொறியாளரை அழைத்திருக்கிறது. இம்முறை ஆற்றங்கரைத் தெருவோடு நிறுத்தாமல், விரும்பும் எல்லா வீடுகளையும் பார்க்க அவர் இசைந்திருக்கிறார். செலவு செய்ய இயலாத குடும்பங்களுக்குச் சபையின் உதவி நிதியிலிருந்து கொடுக்கப்படும். வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் செயலரிடம் பெயர் கொடுங்கள். ஆலய வளாகத்திலும் போதகர் இல்லத்திலும் உள்ள தொட்டிகள் முதலில் திறக்கப்படும்.

நம் கண்ணுக்கு மறைவானதும் நம்முடையதே என்று ஒப்புக்கொள்ளும் இருதயத்தைக் கர்த்தர் நம் அனைவருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.