புளிப்பு வாசம்

"கர்ச்சீஃப உள்ள வைங்க சார். இந்த வேலைக்கு மூக்கு வேணும்" என்றார் ஆபரேட்டர். கொடுங்கையூர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பல வருடங்களாக டைஜஸ்டரைப் பார்த்துக்கொள்கிறவர்.

இங்கே தெளியும் தண்ணீரைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. 2019 முதல் நாளுக்கு 4.5 கோடி லிட்டரை மேலும் சுத்தப்படுத்தி மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கத் தனி ஆலையே உண்டு. அடியில் தங்கும் ஸ்லட்ஜைத்தான் யாரும் விசாரிப்பதில்லை. நான் போனது அதற்காக.

டைஜஸ்டர் என்பது காற்றுப் புகாத பெரிய கான்கிரீட் தொட்டி. சுமார் 35 டிகிரி சூட்டில், இருபது நாள் போல ஸ்லட்ஜ் அதற்குள் கிடக்கும். உள்ளே வேலை செய்பவை நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் கசடை உடைத்து அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேனாக்கும். முன்னது படுவேகம். பின்னது நிதானம், சின்ன மாற்றத்துக்கும் சுருண்டுவிடும். ஒரே நாளில் அளவுக்கு மீறி ஸ்லட்ஜைத் தள்ளினால் அமிலம் தேங்கி, டேங்கே புளித்துப்போகும்.

"மாவு பொங்குறது வேற, புளிச்சுப்போறது வேற இல்லியா? அதே கதைதான்" என்று சொல்லி, குழாயைத் திறந்து பாட்டிலில் கொஞ்சம் பிடித்தார். கறுப்பாக இருந்தது. முகர்ந்து பார்க்கச் சொன்னார். எதிர்பார்த்த நாற்றம் இல்லை. லேசான தார் வாசம். நன்றாகச் செரித்த கசடு இப்படித்தான் இருக்குமாம். புளிப்பு தட்டினால், லேப்பில் அமிலக் கணக்கு வருவதற்கு முன்பே தீனியைக் குறைக்கச் சொல்லிவிடுவார். படிப்பில் வராத இந்த அறிவின் மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டாயிற்று.

மேலே சேரும் வாயுவில் அறுபது சதவீதத்துக்கு மேல் மீத்தேன். அதை என்ஜினில் எரித்தால், ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு யூனிட் மின்சாரம் கிடைக்கும். கழிவுநீருக்குக் காற்றூதும் புளோயர்கள்தான் இத்தகைய நிலையங்களில் மின்சாரத்தை அதிகம் விழுங்குபவை. நம் வீட்டுக் கழிவே அவற்றுக்குத் தீனி போடுகிறது. புதுமையும் இல்லை: 1895இலேயே இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் கழிவுநீர்த் தொட்டியின் வாயுவில் விளக்கெரித்திருக்கிறார்கள். என்ஜின் நின்றால் வாயுவைக் கொளுத்திவிட வேண்டும். அப்படியே காற்றில் விட்டால், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

அந்த வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டு. என்ஜினை அரிக்கும் என்று அதைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள். மனிதனை அது அரிப்பதில்லை, கொல்கிறது. கொஞ்சமாக இருக்கையில் அழுகிய முட்டை போல நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டினால் மூக்கு செத்துவிடும்.

"நாத்தம் போச்சேன்னு நெனைப்பான். அடுத்து ஆளே போயிடுவான்."

அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை மலக்குழியில் இறக்கத் தடை விதிக்கும் சட்டம் 2013இல் வந்தது. பத்து ஆண்டு கழித்து, 2023இல், சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இத்தகைய நிலையங்களில் எத்தனை யூனிட் எடுக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறோம். குழிக்குள் யார் இறங்குகிறார் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

டைஜஸ்டரின் உச்சிக்குப் போகும் படிக்கட்டில் கால் வைத்தேன். கை நீட்டித் தடுத்தார். அத்தனை நேரம் மூக்கைப் பற்றியே பேசியவர், சட்டைப்பையிலிருந்து கேஸ் மீட்டரை எடுத்து முன்னால் நீட்டியபடி தான் முதலில் ஏறினார். மேலே போய் நின்று பார்த்தார்.

"ஜீரோ காட்டுது சார். இப்ப வாங்க."